திருமலையில் மூன்று நாள்: துறைமுகத்தின் வழியே வரலாறு பார்க்க ஒரு முழு வழிகாட்டி

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைக்கு, சுருக்கமாகத் திருமலைக்கு, வருகிறவர்களில் பலர் கோணேசரைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீரூற்றில் குளித்து, நிலாவெளிக் கடலில் கால் நனைத்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். மனதுக்கு நிறைவான பயணம்தான். ஆனால் கோயிலுக்கு ஏறும் வழியில் தாங்கள் நுழைந்த கோட்டை எந்தக் கல்லால் கட்டப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஊருக்குப் பின்னால் அலையில்லாமல் கிடக்கும் உட்துறைமுகத்துக்காக ஐரோப்பாவின் நான்கு அரசுகள் மாறி மாறி அடித்துக்கொண்டதும் தெரியாமல் போகிறது.

இங்கே சொல்லப்போவது அந்தக் கதையைத் தேடிப் போகும் மூன்று நாள் பயணத்துக்கான வழி. ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் இந்த ஊர் நன்றாகப் பேசும்: இத்தனை பேரும் ஏன் இங்கே வந்தார்கள்? விடை துறைமுகம். அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அந்த விடையின் ஒரு துண்டு கோட்டை வாசலிலேயே இருக்கிறது.

புறப்படுமுன்: படமும் காற்றும்

முதல் வேலை, வரைபடத்தை விரித்து அரை மணி நேரம் பார்ப்பது. கைபேசியில் செயற்கைக்கோள் படம் இருந்தால் இன்னும் நல்லது. நகரம் இரண்டு தண்ணீருக்கு நடுவே உள்ள ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல். அதற்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை முனையில் கோணேசர் கோயிலும் பிரெட்ரிக் கோட்டையும் உள்ளன. தென்மேற்கே மலைகளும் தீவுகளும் மறைத்துக் காக்கும் உட்துறைமுகம். அதன் வாய் கொட்டியார்குடாவுக்குள் திறக்கிறது. குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர், சம்பூர். மேற்கே சீனக்குடா, கிண்ணியா, தம்பலகாமம். மகாவலி கங்கை கடலைச் சேர்வதும் இந்தக் குடாவில்தான். இந்தப் பெயர்கள் மனதில் இடம் பிடித்துவிட்டால் மூன்று நாளும் வழி தவறாது.

அடுத்தது காற்று. பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரை முழுவதிலும், சென்னை உட்பட, வாடைக்காற்றுக் காலத்தில் பெரிய போர்க்கப்பல்கள் ஒதுங்கி நிற்கப் பாதுகாப்பான துறை கிடையாது. ஐப்பசி பிறந்தால் கப்பல்கள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆங்கிலேயரின் கப்பற்படை பழுதுபார்க்க பம்பாய் வரை சுற்றிப் போகும். அது திரும்பி வருவதற்குள் வங்காள விரிகுடா எதிரியின் கையில் கிடக்கும். அந்தக் கடலின் மேற்குப் பக்கத்தில் எந்தக் காற்றிலும் ஒரு கடற்படை முழுவதும் நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறை திருமலை ஒன்றுதான். இந்த ஊரை வைத்திருப்பவன் ஆண்டு முழுவதும் கடலில் இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதையெல்லாம் தானாக விளங்கும்.

அதே வாடைக்காற்று உங்கள் பயணத்தையும் தீர்மானிக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இங்கே மாரி. பங்குனி பிறந்ததிலிருந்து புரட்டாதி வரை வானம் தெளிவாக இருக்கும். வெயில் கடுமையாக அடிக்கும். ஆகவே நடக்க வேண்டிய இடங்களை விடியற்காலைக்கும் பின்னேரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பகல் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை நிழலில் இருங்கள்.

வருவதும் தங்குவதும்

கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக வரும் ஏ6 வீதி கந்தளாயைத் தாண்டி ஊருக்குள் இறங்கும். கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து இரவு ரயிலும் உண்டு. நேரம் இருப்பவர்கள் ரயிலில் வாருங்கள். 1927இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை கல்ஓயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக வருகிறது. விடியும் நேரத்தில் வயலும் குளமும் கடந்து தண்ணீரைக் காண்பது நல்ல அறிமுகம். யாழ்ப்பாணத்தவர்களுக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக பஸ். மட்டக்களப்பிலிருந்து வருபவர்களுக்கு வாகரை, மூதூர், கிண்ணியா வழியாகக் கடலோரமாகவே வரும் ஏ15 வீதி.

தங்குமிடத்தில் என் கருத்து கொஞ்சம் உறுதியானது. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இந்தப் பயணத்துக்கு நகருக்குள்ளேயே தங்குங்கள். விடிய ஆறு மணிக்குக் கோட்டை வாசலில் நிற்க வேண்டும். அதற்கு நடை தூரத்தில் அறை இருக்க வேண்டும்.

அடையாள அட்டையை, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கடவுச்சீட்டை, எப்போதும் கையில் வைத்திருங்கள். இந்த ஊரின் வரலாற்று இடங்களில் பாதி இன்னும் படையினரின் கையில்தான் இருக்கின்றன. தோள், முழங்கால் மூடும் உடை, தொப்பி, தண்ணீர், எளிதில் கழற்றக்கூடிய செருப்பு. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முதல் நாள் விடியல்: கோட்டை வாசல்

ஆட்டோ பிடித்து நேரே கோயில் வாசலில் இறங்காதீர்கள். கோட்டை வாசலில் இறங்கி நடந்து ஏறுங்கள்.

வாசல் வளைவின் மேலே பிரித்தானிய அரச சின்னம் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கீழே இறக்கி, வாசலின் இரு பக்கக் கல்லையும் பாருங்கள். மீன் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். பாண்டியரின் இணைக்கயல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். எழுத்துத் தேய்ந்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்றும் இங்கே உண்டு. முன்னே குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று ஊரில் வழங்கும் பாட்டின் சொற்கள் அதில் இருப்பதாகப் படித்திருக்கிறார்கள். குளக்கோட்டன் கோயிலைக் கட்டியதாக மரபு சொல்லும் மன்னன்; பறங்கி என்றால் போர்த்துக்கேயர். வாசலில் ஆட்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள், நீங்கள் அவசரப்பட வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது செதுக்கல் தெளிவாகத் தெரியும்.

அந்தக் கற்கள் ஏன் ஒரு கோட்டை வாசலில் இருக்கின்றன? ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலை அமர்ந்தாரைப் பாடியபோது இந்த முனையில் பெரிய கோயில் இருந்தது. ஈழத்தில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டுதான்: மன்னாரில் திருக்கேதீஸ்வரம், இங்கே திருக்கோணேஸ்வரம். சோழர் காலத்தில் இதற்குப் பெருமளவு நிலம் கொடையாக வழங்கப்பட்டதை நிலாவெளியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினு டி சா கோயிலை இடித்தான். இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டினான். வேறு அரசுகளின் கப்பல்கள் இந்தத் துறைமுகத்துக்குள் கால் வைப்பதைத் தடுக்க அவனுக்கு அந்தப் பாறை தேவைப்பட்டது. துறைமுகம் கொண்டுவந்த முதல் பெரிய இழப்பு இது.

ஆனால் அந்தக் கோட்டை அவர்கள் கையில் இருபது வருடம்கூட நிற்கவில்லை. 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அதைப் பிடித்தார்கள். பிறகு 1660களில் திரும்பி வந்து தங்கள் முறையில் பலப்படுத்தினார்கள். பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் 1803இல் ஆங்கிலேயர் வைத்தது, யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் நினைவாக.

உள்ளே இன்றும் இராணுவ முகாம். வீதியை விட்டு விலகிப் போக அனுமதி இல்லை, முகாம் கட்டடங்களைப் படம் எடுக்கவும் கூடாது. புள்ளிமான்கள் வீதியிலேயே திரியும். உணவோ பொலித்தீன் பையோ நீட்டாதீர்கள். வழியில் வெல்லஸ்லி வீடு என்ற பழைய கட்டடம் வரும். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன், அதற்குப் பல வருடங்கள் முன்பு ஆர்தர் வெல்லஸ்லி என்ற இளம் படை அதிகாரியாக 1800ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு படையெடுப்புக்குத் தயாராகிக்கொண்டு இங்கே தங்கியிருந்தார். அவரையும் இங்கே கொண்டுவந்தது இதே துறைமுகம்தான்.

இந்தக் கோட்டைக்குள் கோகர்ண விகாரை என்ற பௌத்தக் கோயிலும் உண்டு. மகாசேன மன்னன் கோகர்ணத்தில் தேவர் ஆலயத்தை அழித்து விகாரை கட்டினான் என்று மகாவம்சம் சொல்கிறது. இந்தப் பாறையின் மீதான உரிமைப் பேச்சு நேற்றுத் தொடங்கியதல்ல என்பதைப் பயணிகள் தெரிந்துகொண்டே ஏற வேண்டும்.

பாறை உச்சியில்

இப்போது நீங்கள் கும்பிடும் கோணேசர் கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முன்பு 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. கோயில் இடிபட்ட காலத்தில் மண்ணில் புதைத்துக் காப்பாற்றியவை என்று கருதப்படுகின்றன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் பாறைக்குக் கீழே கடலில் மூழ்கித் தேடினார்கள். செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். ஆக, பழைய கோயில் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது: கொஞ்சம் கோட்டைச் சுவரில், கொஞ்சம் மண்ணில், கொஞ்சம் கடலில். நாலாவது பகுதியை மூன்றாம் நாள் பார்க்கப் போகிறோம்.

பூசை முடிந்ததும் இராவணன் வெட்டுப் பக்கம் போய் நில்லுங்கள். பாறை பிளந்து செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் இடம். அங்கே நின்று வடக்கே ஒரு குடா, தெற்கே டச்சு வளைகுடா, அதற்கு அப்பால் துறைமுகத்தின் வாயை மறைக்கும் மலைத்தொடர் என்று வரைபடத்தில் பார்த்ததை நேரில் பொருத்திப் பாருங்கள். அந்த மலைத்தொடரில்தான் ஒல்லாந்தரின் இரண்டாவது கோட்டையான ஒஸ்டென்பேர்க் இருக்கிறது. ஒரு கோட்டை நகரையும் வெளிக்கடலையும் காக்க, மற்றது துறைமுகத்தின் வாயைக் காக்க.

1782ஆம் ஆண்டின் கதையை இங்கே நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் இரண்டு கோட்டைகளையும் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் படைகளை இறக்கிச் சில நாட்களில் அவற்றைத் தன்வசமாக்கினார். செய்தி அறிந்து ஹியூஸ் விரைந்து வந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்டெம்பர் 3ஆம் தேதி இந்தக் கடலில் இரு கப்பற்படைகளும் மோதின. வெற்றி தோல்வி தெளிவாகவில்லை, ஆனால் துறைமுகம் சுஃப்ரனிடமே தங்கியது. அந்த வருடம் வாடைக்காற்று தொடங்கியதும் ஹியூஸ் சென்னையை விட்டுப் புயலில் அடிபட்டு பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. துறைமுகம் இழப்பது என்றால் என்ன என்று அவர் உடனேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டார். சமாதான ஒப்பந்தத்தின்படி ஊர் மீண்டும் ஒல்லாந்தருக்குப் போனது. 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் திரும்ப வந்து பிடித்தார்கள். அதன் பிறகு இங்கிருந்த கடற்படைத் தளத்தை 1957 வரை விடவில்லை.

முதல் நாள் பின்னேரம்: கல்லறைகளும் கடற்கரையும்

மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுங்கள். நண்டும் கணவாயும் இங்கே பிடித்த அன்றே சட்டிக்கு வரும்.

வெயில் தணிந்ததும் பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் உள்ள மைதானத்தை ஒட்டிய பழைய ஆங்கிலேயர் கல்லறைக்குப் போங்கள். புனித ஸ்டீபன் கல்லறை என்று கேட்டால் காட்டுவார்கள். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் இங்கேதான் புதைக்கப்பட்டார். அட்மிரலான அவர் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் 1852 ஒக்டோபரில் வாந்திபேதியால் இறந்தார். பர்மாவில் இறந்தவரை இந்தக் கல்லறையில் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதிலிருந்தே அந்தக் கடற்படைக்குத் திருமலை எவ்வளவு முக்கியமான தளம் என்று விளங்கும். இதே கல்லறையில் பேர்சி மோல்ஸ்வேர்த் என்ற இராணுவப் பொறியியலாளரும் இருக்கிறார். 1867இல் கொழும்பில் பிறந்து 1908இல் இங்கே இறந்தவர். திருமலை வானத்தின் தெளிவை நம்பி இங்கிருந்தே வியாழன் கோளைத் தொடர்ந்து கவனித்து, 1901இல் அதில் தோன்றிய ஒரு பெரிய கொந்தளிப்பைப் பதிவு செய்தவர். வானாய்வுக்கூடம் எதுவும் இல்லாத ஊரில் தன் சொந்தத் தொலைநோக்கியோடு உட்கார்ந்து உலகம் ஏற்ற வேலை செய்த மனிதர்.

பிறகு கடற்கரை வீதிக்கு வாருங்கள். காந்தி சிலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 2006 ஜனவரி 2ஆம் தேதி மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை அதற்கு நீதி கிடைக்கவில்லை. வரலாறு பார்க்க வந்தவர்கள் நூற்றாண்டுகளுக்கு முந்திய கல்லோடு நின்றுவிடக் கூடாது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.

இரண்டாம் நாள்: உட்துறைமுகம்

இந்த நாளுக்குத்தான் முன்னேற்பாடு தேவை. ஹூட் கோபுர அருங்காட்சியகமும் ஒஸ்டென்பேர்க் கோட்டையின் எச்சங்களும் கடற்படைத் தளத்துக்குள் இருக்கின்றன. நீங்களாக நடந்து போக முடியாது. வாயிலில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொண்டு, அவர்கள் சொல்லும் ஒழுங்கில் போக வேண்டும். விதிகளும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் முதல் நாளே வாயிலுக்குப் போய்க் கேட்டுவைப்பது நல்லது. குழுவாகப் போவதென்றால் சில வாரங்களுக்கு முன்பே கடற்படைக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அந்த நாளை வீணாக்காமல் இருக்க ஒரு மாற்று வழியும் கீழே சொல்கிறேன்.

உள்ளே போனவர்கள் பார்க்க வேண்டியது பீரங்கிகளைவிட அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை. இந்தக் கோபுரம் அட்மிரல் சாமுவேல் ஹூட்டின் பெயரைத் தாங்கியது. இங்கிருந்து துறைமுகத்தின் வாய் முழுவதும் கண்ணுக்குள் விழும். அந்த இடைவெளியால் நுழையும் எந்தக் கப்பலும் இந்த மலையின் குறிக்குள் வந்தே தீர வேண்டும். ஒல்லாந்தரின் கோட்டைக்கு மேலேயே ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டுப் பீரங்கி மேடைகளைக் கட்டியதன் காரணம் அதுதான்: மலை அதே இடத்தில், கடல்வாய் அதே இடத்தில்.

மாற்று வழி: நகருக்குள் பழைய ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் மாளிகையில் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டடமே பார்க்கத் தக்கது. அதைப் பார்த்துவிட்டு உட்துறைமுக வீதியோரமாக நடந்தாலே தண்ணீரின் அமைதி தெரியும். வெளிக்கடல் கொந்தளிக்கும் நாளில்கூட இங்கே சிற்றலைதான்.

இரண்டாம் நாளின் கதை 1942. சிங்கப்பூர் பெப்ரவரியில் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, இந்து சமுத்திரத்தில் பிரித்தானியரின் கண் இலங்கையின் துறைகளின் மேல் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் தேதி காலை ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் திருமலைக்கு வந்தன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து எரிந்தது. சீனக்குடா விமானத்தளம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் ஜப்பானிய விமானம் விழுந்து, அது நாட்கணக்கில் எரிந்தது. தாக்குதலுக்குத் தப்ப முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியையும் அவுஸ்திரேலியாவின் வம்பயர் என்ற போர்க்கப்பலையும் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். ஹேர்மிஸில் மட்டும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். சகாயிங் கப்பலைப் பிறகு இறங்குதுறையாகப் பயன்படுத்தத் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கடித்தார்கள். 2018இல் இலங்கைக் கடற்படை அதை மேலே தூக்கியது.

இதைக் கேட்ட காதோடு பின்னேரம் நிலாவெளி வீதியில் உப்புவெளியில் உள்ள போர்க் கல்லறைக்குப் போங்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு பராமரிக்கும் இடம். ஒவ்வொரு கல்லிலும் வயதைப் பாருங்கள். பத்தொன்பது, இருபத்தொன்று என்று வரிசையாக வரும். காவலாளரிடம் கேட்டால் பதிவேட்டைக் காட்டுவார்கள்.

மூன்றாம் நாள்: குடாவைச் சுற்றி

இன்று வாகனம் தேவை. ஒரு நாளுக்கு ஆட்டோ அல்லது வான் பேசிக்கொள்ளுங்கள். போக வேண்டிய எல்லா இடங்களையும் முதலிலேயே சொல்லி விலை பேசுங்கள். வழியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் இருவருக்கும் மனக்கசப்பு.

முதல் நிறுத்தம் தம்பலகாமம். கந்தளாய் வீதியில் போய் உள்ளே திரும்ப வேண்டும். வயல் நடுவே ஆதிகோணநாயகர் கோயில். போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்தபோது காப்பாற்றிக் கொண்டுவரப்பட்ட திருமேனிகளுக்கு எழுந்த கோயில் இது என்று மரபு சொல்கிறது. கோட்டை வாசலில் கல்லைப் பார்த்தவர்கள் இங்கே வராமல் போகக் கூடாது என்பேன். கல்லைத் தூக்கிப்போக முடியாத மக்கள் கடவுளைத் தூக்கிக்கொண்டு வந்த இடம் இது. கோணேசர் கோயிலுக்கு விளைந்த வயலும் அதைக் காத்த குடிகளும் இந்தப் பக்கத்தில்தான் இருந்தார்கள். காலைப் பூசைக்கு வந்தால் கோயில் திறந்திருக்கும்.

திரும்பும் வழியில் சீனக்குடா. வீதியோரக் காட்டுக்குள் பெரிய வட்டத் தாங்கிகள் தலை காட்டும். கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய காலத்தில் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. எண்ணிக்கை 99. உள்ளே போக முடியாது, வீதியில் நின்று பார்த்தால் போதும். 1987 இந்திய–இலங்கை உடன்பாட்டோடு ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில் இந்தத் தாங்கிகளுக்கு இடம் உண்டு. இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் படைத்தேவைக்கும் கொடுக்கக் கூடாது என்பதும் அதே கடிதங்களில் இருக்கிறது. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தத்தில் 61 தாங்கிகள் இரு நாட்டுக் கூட்டு நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கும் என்று பிரிக்கப்பட்டன. சுஃப்ரனும் ஹியூஸும் மோதிக்கொண்ட அதே விடயம் இன்று ஒப்பந்தத் தாள்களில் நடக்கிறது.

அங்கிருந்து கிண்ணியா. 2009இல் திறந்த நீண்ட பாலத்தைக் கடக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, தம்பலகாமக் கடல்நீரேரியும் கொட்டியார்குடாவும் சந்திப்பதைப் பாருங்கள். முன்பு இங்கே பாதைப் படகில்தான் கடப்பார்கள். வீதியோரம் சட்டித் தயிர் விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

மூதூரில் தேட வேண்டியது ஒரு நினைவுக்கல். புயலில் பாய்மரத்தை இழந்து, 1660இல் பழுதுபார்க்கக் கொட்டியார்குடாவுக்குள் ஒதுங்கிய ஆன் என்ற ஆங்கிலக் கப்பலின் கப்பித்தானும் அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸும் கண்டி அரசனின் ஆட்களிடம் இங்கே பிடிபட்டார்கள். புளியமரத்தடியில் பிடிபட்டதாகச் சொல்வார்கள். மரம் இப்போது இல்லை, கல் இருக்கிறது. தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு 1679இல் தப்பினார். அவர் எழுதிய நூல் 1681இல் லண்டனில் வெளியாகி, அந்தக் காலத்துக் கண்டி இராச்சியத்தின் வாழ்க்கையை அறிய இன்றும் ஆய்வாளர்கள் எடுக்கும் நூலாக இருக்கிறது. மூதூர் 2006இலும் உலகச் செய்தியில் வந்தது. அந்த ஓகஸ்டில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் பதினேழு பேர் அவர்கள் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார்கள். ஊரவர்களிடம் அதைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள்.

நேரம் மிஞ்சினால்

மூன்றாம் நாளை வடக்கே திருப்ப விரும்புகிறவர்களும் உண்டு. அதற்கு என் தேர்வு வெல்கம் விகாரை. அநுராதபுரம் வீதியில் போய்ப் பிரிய வேண்டும். பெரியகுளம் பக்கம், காட்டோரத்தில் இருக்கிறது. நாதனார் கோயில் என்று தமிழர் அழைத்த இந்தப் பௌத்தப் பள்ளிக்குச் சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். இங்கே கிடைத்த பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள், தமிழர்கள் புத்தர் கோயிலுக்கு விளக்கும் பசுக்களும் கொடுத்ததைச் சொல்கின்றன. இந்த மாவட்டத்தின் பழமை ஒரு சமயத்துக்கு ஒரு இனம் என்று பங்கு போட்டுக் கொடுக்கக்கூடியதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கன்னியா வெந்நீரூற்று அதே வீதியில் வருகிறது. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கினான் என்பது ஐதீகம், அதனால் திருமலைத் தமிழர் அந்தியேட்டிக்கு இங்கே வருவது நெடுநாள் வழக்கம். இன்று தொல்லியல் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இடம், பலகையில் எழுதியிருப்பது முழுக்கதையல்ல. விடியற்காலையில் போனால் கூட்டம் குறைவு. இன்னும் வடக்கே திரியாய் மலையிலுள்ள பழைய வட்டதாகை (பௌத்தத் தூபியைச் சுற்றிய வட்ட மண்டபம்) தனியாக ஒரு அரை நாள் கேட்கும். புறாமலைத் தீவுக்குப் படகில் போவது அழகான விடயம், ஆனால் இந்த மூன்று நாளுக்குள் அதைத் திணிக்காதீர்கள்.

திரும்பும் ரயிலுக்கு இருக்கை வேண்டுமென்றால் முன்பதிவை வந்த அன்றே செய்துவிடுங்கள். பள்ளி விடுமுறையிலும் கோயில் திருவிழாக் காலத்திலும் கடைசி நாளில் கிடைக்காது. மூன்றாம் நாள் மூதூரிலிருந்து பின்னேரம் நாலு மணிக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் நகருக்கு வந்து, சாப்பிட்டு, ஆறுதலாக நிலையத்துக்குப் போகலாம். மட்டக்களப்புப் பக்கம் போகிறவர்கள் திருமலைக்குத் திரும்பவே வேண்டியதில்லை. மூதூரிலிருந்தே வெருகல், வாகரை வழியாகத் தெற்கே போய்விடலாம். கடைசி பஸ் நேரத்தை மட்டும் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.